அப்பத்தா வீட்டு அட்மின்

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. தீசிஸ் ஆணி ஜாஸ்தி, வெளியே மைனஸ் 14, உள்ளே சோம்பேறித்தனம். "ஆளையே காணோமே"ன்னு மெயில் போட்ட ரெண்டு பேருக்கும் நன்றி. (இந்தப் பக்கத்துக்கு மொத்த வாசகர்களே அந்த ரெண்டு பேர்தான்னு என் ரூம்மேட் சொல்றான். நம்பாதீங்க.) இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் ஜல்லி, கொஞ்சம் குடும்பக் கதை. தனித்தனியா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், பிரிக்க முடியலை. ஜல்லி வேண்டாங்கறவங்க அப்பத்தா வர்ற இடத்தை மட்டும் படிச்சுக்கலாம்.

"நீ அங்க என்னதாம்ப்பா படிக்கிற?"ன்னு அப்பத்தா ஒரு தடவை கேட்டாங்க. வயர் இல்லாம ஓடுற சின்னச் சின்ன மெஷினெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், நடுவுல எவனும் புகுந்து ஏமாத்தாம பார்த்துக்கறதைப் பத்திப் படிக்கிறேன்னு சொன்னேன். "வாச்மேன் வேலையா? அதுக்கா ராசா அம்புட்டு தூரம் போன?" இதைவிடச் சுருக்கமா என் தீசிஸை எங்க புரொபசர் கூட சொன்னதில்லை.

அப்பத்தா சோழவந்தான்ல தனியா இருக்காங்க. தாத்தா 2018ல போனதிலிருந்து அப்படித்தான். அப்பா அம்மா தாம்பரத்துல. கூட்டிட்டு வந்தா பத்தாம் நாள் "மூச்சு முட்டுதுய்யா"ன்னு பையைத் தூக்கிடுவாங்க. 2024ல முற்றத்துல வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு அக்கா பார்க்கற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்காங்க. அந்த ஜூலைல, நான் பின்லாந்து கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, மதுரைல ஒரு கடைல இருந்து வைஃபை கேமரா செட் வாங்கி மாட்டினோம். மூணு கேமரா, ஒரு ரெக்கார்டர் பெட்டி. வாசல், கூடம், பின்கட்டு.

கடைப் பையன் ரெண்டு மணி நேரத்துல எல்லாத்தையும் முடிச்சான். ரவுட்டர்ல போர்ட் ஒண்ணைத் திறந்துவிட்டு, எங்கிருந்து வேணும்னாலும் பார்க்கலாம்னு காமிச்சு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தான். யூசர்: அட்மின். பாஸ்வேர்டை இங்கே எழுத மாட்டேன். இப்ப உங்க மனசுல ஒண்ணு வந்துச்சில்ல? அதேதான். "மறக்காம இருக்கும் சார்"னான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடிச்சு, நெட்வொர்க் செக்யூரிட்டி படிக்க விசா ஸ்டாம்ப் ஆகி, பெட்டி கட்டிட்டிருந்த நான் "தேங்க்ஸ் பாஸ்"னு சொல்லி அந்தச் சீட்டைப் பர்ஸ்ல வெச்சுக்கிட்டேன்.

எஸ்ப்போல காலைல எட்டு மணிக்கு எழுந்தா அங்க பதினொண்ணரை. அப்பத்தா கூடத்துல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுட்டிருப்பாங்க. கேமராவுக்குப் பின்னாடி நான் எப்பவுமே இருக்கேன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. தலையைத் தூக்கிப் பார்த்து "ராசா, எந்திரிச்சுட்டியா?"ம்பாங்க. சாயங்காலம் விளக்கேத்தினதும் கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை. வைகைல தண்ணி விட்டிருக்காக, கொடிக்கால்காரர் செத்துப் போனாரு, பூனை குட்டி போட்டிருக்கு. நான் கிளாஸ்ல இருப்பேன். ராத்திரி ரெக்கார்டிங்கை ஓட்டிக் கேட்பேன். பதினஞ்சு மாசம் இப்படியே போச்சு.

2025 நவம்பர்ல ஒரு லேப் வகுப்பு. அன்னிக்குப் பாடம் மிராய். தெரியாதவங்களுக்கு: 2016ல இணையத்தையே ஆட்டி வெச்ச ஒரு நிரல். ஐபி கேமரா, ரெக்கார்டர், வீட்டு ரவுட்டர் மாதிரி சாமான்களைத் தேடிப் போய், கம்பெனிலயே வெச்சு அனுப்பின யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடி ஒரு அறுபது சொச்சத்தைப் போட்டுப் பார்க்கும். திறந்தா உள்ளே குடியேறிடும். அவ்வளவுதான் அதோட மூளை. இப்படிப் பிடிச்ச லட்சக்கணக்கான பெட்டிகளை வெச்சு 2016 அக்டோபர் 21 அன்னிக்கு டின்ங்கிற டிஎன்எஸ் கம்பெனியைத் தாக்கினப்ப, அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் மணிக்கணக்கா படுத்துச்சு. அந்த நிரலை எழுதினவங்க மூணு அமெரிக்கப் பசங்க. மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் போட்டில ஆரம்பிச்சது. 2017 டிசம்பர்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க.

இதே சீசன்ல நடந்த உள்ளூர்க் கதை ஒண்ணையும் லெக்சரர் சொன்னாரு. 2016 அக்டோபர் கடைசில கிழக்கு பின்லாந்துல லாப்பேன்ரன்டாங்கற ஊர்ல ரெண்டு அடுக்குமாடிக் கட்டடத்துல ஹீட்டிங் நின்னு போச்சு. ஹீட்டிங்கைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் இணையத்தோட இணைஞ்சிருந்தது. அது மேல பேக்கெட் மழை. தாங்க முடியாம அது தன்னைத்தானே ரீஸ்டார்ட் பண்ணும், எழுந்ததும் மறுபடி அடி, மறுபடி ரீஸ்டார்ட். இப்படியே ஓடி, வீடுகள் குளிர ஆரம்பிச்சிடுச்சு. பின்லாந்துல நவம்பர் பக்கம் ஹீட்டிங் நிக்கிறதுன்னா என்னன்னு இங்க வந்த முதல் வருஷமே எனக்குப் புரிஞ்சது.

கடைசியா லேப் பயிற்சி: அவங்கவங்களுக்குச் சொந்தமான சாமானை மட்டும் வெளியில இருந்து சோதிச்சுப் பாருங்க. அடுத்தவன் வீட்டைத் தொட்டா கோர்ஸ்ல இருந்தே தூக்கிடுவேன். பக்கத்து சீட் பையன் தன் வீட்டு ஸ்மார்ட் பல்பைச் சோதிச்சான். நான் சோழவந்தான் வீட்டு முகவரியை அடிச்சேன். லாகின் பக்கம் அழகா வந்து நின்னுச்சு. பர்ஸ்ல இருக்கற சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பதினஞ்சு மாசமா தினமும் நானே அதைத்தான் தட்டிட்டிருக்கேன்.

லேப்ல ஹீட்டிங் நல்லாவே வேலை செஞ்சுது, எனக்கு மட்டும் கை சில்லுன்னு ஆயிடுச்சு.

அங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாத்தினேன். ராத்திரி ரூமுக்கு வந்து அந்தப் பெட்டியோட லாகைத் திறந்தேன். மூணு மாசத்துக்கு மேல பழசை அது வெச்சுக்கறதில்லை, அழிஞ்சிடும். அதனால முதல் ஒரு வருஷம் என்ன நடந்துச்சுன்னு எனக்குக் கடைசி வரை தெரியப் போறதில்லை. இருந்த மூணு மாசத்துல, எந்தெந்த தேசத்து முகவரிகள்ல இருந்தோ கதவைத் தட்டிட்டே இருந்திருக்காங்க. இதுல ஆச்சரியமில்லை. ஐபிவி4ல மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். ஒரு போர்ட் திறந்திருக்கான்னு அத்தனை முகவரியையும் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து முக்கால் மணி நேரத்துல தட்டிப் பார்க்கலாம்னு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2013லயே செஞ்சு காமிச்சாங்க. ஆக நம்ம வீட்டைத் தேடி யாரும் வர வேண்டாம், தெருவுல எல்லா வீட்டையும் தட்டிட்டுப் போறவன் நம்ம வீட்டையும் தட்டுவான். ஆனா மூணு இடத்துல, முன்பின் தெரியாத முகவரிக்கு எதிர்ல, "வெற்றி"ன்னு போட்டிருந்தது. மூணும் ஒரு நிமிஷத்துக்குள்ள. மெஷினா, மனுஷனா, படத்தைத் திறந்து பார்த்தானா, தெரியாது.

அதைவிட விசித்திரமா ஒண்ணு இருந்தது. தினமும் காலைல அஞ்சு நாப்பதுக்கும் ராத்திரி எட்டு மணி வாக்குலயும் ஒரு லாகின். இந்திய மொபைல் நெட்வொர்க் முகவரி. ஆனா நாளுக்கு நாள் வேற வேற முகவரி. எல்லாமே அட்மின்ங்கற பேர்ல. நான் அந்த நேரத்துல பார்க்கறதில்லை. அப்பாகிட்ட சும்மா கேக்கற மாதிரி கேட்டேன், அவர் ஆப்பைத் திறந்தே ஆறு மாசமாச்சாம். அப்போ இது ஒரே ஆளா, பத்து ஆளா?

இங்கதான் ஜல்லி ஆரம்பம். இன்னிக்கு நாம பயன்படுத்தற இணையத்துல ஐபி முகவரிங்கறது ரெண்டு வேலை பார்க்குது. "நீ யார்"ங்கறதுக்கும் அதே நம்பர், "நீ எங்க இருக்க"ங்கறதுக்கும் அதே நம்பர். எழுபதுகள்ல கம்ப்யூட்டர் ஒரு ரூம் சைஸுக்கு இருந்தப்ப இது பிரச்சினையே இல்லை, அது எங்கயும் எழுந்து போகாது. போன் அப்படியா? வீட்டு வைஃபைல ஒரு முகவரி, தெருவுக்கு வந்தா இன்னொரு முகவரி. போதாக்குறைக்கு மொபைல் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல நூறு பேருக்குப் பங்கு போட்டுத் தர்றாங்க. அதனால லாகைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது.

அடுத்த தலைமுறை இணையத்தைப் பத்தி யோசிச்சவங்க பல பேர் முதல்ல கை வெச்சது இங்கதான். பேரையும் இடத்தையும் பிரி. ஹெச்ஐபின்னு ஒரு நெறிமுறை, வேலை நிறைய நடந்தது இந்த பின்லாந்துலதான். அதுல ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பொதுச் சாவி, அந்தச் சாவிதான் அதோட பேர். முகவரி எத்தனை தடவை மாறினாலும் பேர் மாறாது, தனிச்சாவி இல்லாம வேறெவனும் அந்தப் பேரைப் போட்டுக்கவும் முடியாது. 2010ல அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை எதிர்கால இணையத்துக்குன்னு நாலு திட்டங்களுக்குப் பணம் கொடுத்தப்ப, ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தலைமையில வந்த மொபிலிட்டிஃபர்ஸ்ட்டும் இதே வழிதான். இடம் மாறிட்டே இருக்கற வயர்லெஸ் கருவிகளுக்காகவே வரைஞ்சது.

படிக்கறப்ப இது ரொம்ப அழகா இருக்கும். ஆனா மாறாத பேர்னா, போற இடமெல்லாம் அந்தப் பேரையும் இழுத்துட்டுப் போகணும். இது ஏற்கெனவே பட்டு அனுபவிச்ச பாடம். ஐபிவி6ல ஆரம்பத்துல முகவரியோட பின்பாதியை வைஃபை கார்டின் மேக் நம்பர்ல இருந்து செஞ்சாங்க. எந்த ஊர் வைஃபைல ஏறினாலும் வால் மட்டும் அப்படியே இருக்கும். வாலைப் பிடிச்சே ஆளைத் தொடரலாம்னு புரிஞ்சு, 2001லயே அதை அடிக்கடி மாத்திக்கற வழி கொண்டு வந்தாங்க. 2013ல லண்டன்ல தெருக் குப்பைத் தொட்டிகள் சிலது போறவர்றவங்க போன்களோட மேக் நம்பரை எண்ணிட்டிருந்தது வெளிய வந்து, மாநகராட்சி நிறுத்தச் சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் ஐபோன், வைஃபை தேடறப்ப பொய் நம்பர் சொல்ல ஆரம்பிச்சுது. பழைய செல்போன் நெட்வொர்க்ல போன் தன்னோட நிரந்தர எண்ணைப் பச்சையா சொல்லிட வேண்டியிருந்தது. 5ஜில அதைத் தாய்க் கம்பெனியின் சாவியால பூட்டி அனுப்பற வசதி வந்தது. இப்படி ஒரு பக்கம் "யார்னு நிரூபி", இன்னொரு பக்கம் "யார்னு காட்டிக்காதே". வயர்லெஸ்ல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும், ஏன்னா காத்துல போறதை யார் வேணும்னாலும் கேட்கலாம்.

அன்னிக்கு ராத்திரி நான் முழுக்க முதல் கட்சி. பேர் இருந்திருந்தா அந்த அஞ்சு நாப்பது மணிக்காரனை அப்பவே பிடிச்சிருக்கலாமேன்னு பல்லைக் கடிச்சுட்டுப் படுத்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸாப்ல ஒரு கால். சேமிக்காத நம்பர்.

"தம்பி... பெரியப்பா பேசுறேன்."

எங்க பெரியப்பா திருப்பூர்ல இருக்கார். 2019ல வயலை வித்த பங்குல அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு முத்தி, அப்பத்தா முன்னாலயே கை ஓங்கற வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் அவர் சோழவந்தான் வீட்டுப் படி ஏறலை. என் கூட பேசி ஆறு வருஷம்.

"சொல்லுங்க பெரியப்பா."

"அம்மா நல்லாருக்காகளா?"

"நல்லாருக்காங்க. ஏன்?"

"இல்ல... ரெண்டு நாளா தெரியலை."

எனக்கு முதல்ல புரியலை. "என்ன தெரியலை?"

"போன்ல தெரியும்ல தம்பி. அது."

நடந்தது இதுதான். போன வருஷம் ஏதோ கல்யாணத்துக்கு சோழவந்தான் வந்தவர், வீட்டு வாசல்ல நின்னு பார்த்துட்டு உள்ளே போகாம திரும்பியிருக்கார். வாசல் கேமராவுக்குக் கீழே கடைக்காரங்க ஒட்டின ஸ்டிக்கர்ல போன் நம்பர். கூப்பிட்டு, "நான் அந்த வீட்டு மூத்த மகன், எனக்கும் பார்க்கற மாதிரி செஞ்சு குடு"ன்னு கேட்டிருக்கார். அந்தப் பையன் வாட்ஸாப்ல யூசர், பாஸ்வேர்ட், எப்படிப் போடறதுன்னு வீடியோ, எல்லாம் அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டான். எங்க பாடத்துல இதுக்கு சோஷியல் இன்ஜினியரிங்னு பேர். ஆனா பாடத்துல வர்ற ஆசாமி பொய் சொல்லுவான். பெரியப்பா சொன்னது அத்தனையும் நிஜம்.

காலைல அஞ்சு நாப்பதுக்கு அப்பத்தா எழுந்து கூடத்து லைட்டைப் போடுவாங்க. மில்லுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துட்டுப் போவாராம். ராத்திரி எட்டுக்கு அவங்க சாப்பிட உட்காருவாங்க. "சும்மா பாப்பேன் தம்பி. வேற ஒண்ணும் தொட மாட்டேன்"னாரு. அறுபது வயசு மனுஷன், கைல மிட்டாயோட மாட்டிக்கிட்ட பையன் மாதிரி. நான் "பாஸ்வேர்ட் மாறிடுச்சு பெரியப்பா, பார்த்துச் சொல்றேன்"னு வெச்சுட்டேன்.

நான் ஆசைப்பட்ட அந்த மாறாத பேர் அப்ப இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? லாக்ல முதல் நாளே அவர் பேர் வந்திருக்கும். அப்பா பார்த்திருப்பார். அதைவிட முக்கியம், பேர் விழும்னு தெரிஞ்சிருந்தா பெரியப்பா பார்த்தே இருக்க மாட்டார். எவன் வேணும்னாலும் நுழையலாம்ங்கற அந்த ஓட்டைக் கதவு வழியாத்தான் அவரும் நுழைஞ்சிருக்கார். அவரோட சேர்ந்து அந்த மூணு "வெற்றி"யும்.

என் தீசிஸ் என்டிஎன்ங்கற இன்னொரு வகை கட்டமைப்புல. அந்த நாலு திட்டங்கள்ல இதுவும் ஒண்ணு. இதுல கம்ப்யூட்டருக்குப் பேர் கிடையாது, தகவலுக்குத்தான் பேர். "சோழவந்தான், வீடு, கூடம், கேமரா, எட்டு மணி"ன்னு கேட்டா, அந்தத் துண்டு யார்கிட்ட இருக்கோ அவங்க கொடுப்பாங்க. வழில இருக்கற ரவுட்டர் ஒரு பிரதி வெச்சிருந்தா அதுவே கொடுத்துடும். யார் கொடுத்தா என்ன, ஒவ்வொரு துண்டுலயும் உண்டாக்கினவனோட கையெழுத்து இருக்கு, சரிபார்த்துக்கலாம். கேக்கறவனோட முகவரி கோரிக்கைல கிடையவே கிடையாது, ரவுட்டர்கள் வந்த வழியை மட்டும் ஞாபகம் வெச்சு திருப்பி அனுப்பும். அட, பெரியப்பாவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கேன்னு தோணும். ஆனா கேட்ட தகவலோட பேர் வெளிப்படையா போகும். அதோட ஒரு பழைய தந்திரம்: ஒரே ரவுட்டர் வழியா வர்ற ரெண்டு பேர்ல ஒருத்தன் முதல்ல எட்டு மணிப் படத்தைப் பார்த்துட்டான்னா, ரெண்டாவது ஆள் கேக்கறப்ப பிரதி பக்கத்துலயே இருக்கறதால சட்டுன்னு வந்துடும். அந்த மில்லிசெகண்ட் வித்தியாசத்தை அளந்தாலே "எனக்கு முன்னாடி யாரோ பார்த்திருக்காங்க"ன்னு கண்டுபிடிச்சிடலாம். அண்ணன் பார்த்தாரான்னு தம்பிக்குத் தெரிஞ்சிடும்.

அப்புறம் பிரதி எங்கெங்கயோ கிடக்கறதால, கதவைப் பூட்டிப் பயனில்லை, படத்தையே பூட்டணும். சாவி உள்ளவங்க மட்டும் திறக்கலாம். ஒருத்தருக்குக் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கறது கஷ்டம். சாவியை மாத்தலாம், ஏற்கெனவே போன படம் போனதுதான். சரி, சாவி யாருக்குன்னு யார் முடிவு பண்றது? ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பிக்கையோட ஆணிவேரா ஒரு சாவி இருக்கணும்னு எங்க பேப்பர்கள்ல ஒரே வரில எழுதிட்டுப் போயிடுவாங்க. எங்க வீட்டுக்கு அது யார்? கேமரா வாங்கினது நான். பிராட்பேண்ட் பில் கட்டறது அப்பா. குடியிருக்கறது அப்பத்தா. பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருக்கு :)

(தீசிஸ்ல நான் நிஜமா செய்யறது இதைவிட அல்பமான வேலை. சின்ன சென்சார்கள் பேசற 802.15.4 ரேடியோல ஒரு ஃபிரேமுக்கு மொத்தமே 127 பைட். இப்போதைய நீள்வட்ட வளைவுக் கையெழுத்தே 64 பைட், பாதியைத் தின்னுடும். குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் தாங்கும்னு 2024 ஆகஸ்ட்ல அமெரிக்கத் தரநிலையா வந்த எம்எல்-டிஎஸ்ஏ கையெழுத்து, இருக்கறதுலயே சின்ன சைஸ், 2420 பைட். "மணி எட்டு, வெப்பம் 31"ங்கற சேதிக்குக் கீழே இருபது ஃபிரேமுக்கு கையெழுத்து. பட்டன் பேட்டரில ஓடற சாமான் பாவம். அதை எப்படிக் குறைக்கறதுன்னு முட்டிட்டிருக்கேன். விடுங்க.)

அப்பத்தாகிட்ட சொல்லியாகணும். பக்கத்து வீட்டு அக்கா போனுக்கு அடிச்சு, கொடுக்கச் சொன்னேன். கேமரா கதவை நான் சரியா பூட்டலை அப்பத்தா, வெளியாள் யாராச்சும் பார்த்திருக்கலாம்னேன். சிரிச்சாங்க. "பாத்தா பாத்துட்டுப் போறான். கெழவிகிட்ட என்னத்தப் பாக்கப் போறான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன்.

"நான் கூடத்துலதானப்பா சீலை மாத்துவேன்."

என்ன சொல்றதுன்னு தெரியலை. ஆரம்பத்துலயே கேமரா கோணத்தை வாசப்பக்கம் மட்டும் தெரியற மாதிரி திருப்பியிருக்கலாம். அதை யோசிக்க மாஸ்டர்ஸ் டிகிரி தேவையில்லை, அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். கேமரா மாட்டற அன்னிக்கு வீட்ல இருந்த நாலு பேர்ல ஒருத்தரும் அவங்களைக் கேக்கலை. பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29ல இருந்து ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்ட் போட்டு சாமான் விக்கறதே சட்டவிரோதம். இந்தியாவுலயும் 2025 ஏப்ரல்ல இருந்து சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் ஆச்சு, நாங்க வாங்கினது அதுக்கு முந்தின வருஷம். இதையெல்லாம் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஒண்ணும் ஆகலை.

அடுத்த நாள் காலைல பார்த்தா கூடத்து கேமரா முழுக்க இருட்டு. மேல துண்டைப் போட்டிருந்தாங்க. உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டுது. "எந்திரிச்சுட்டியா ராசா" இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரைல இருக்கற என் காலேஜ் சிநேகிதன் ஒரு ராஸ்பெர்ரி பை பெட்டியோட போனான். கேமராவைத் திருப்பி, ரெக்கார்டருக்குப் புது ஃபெர்ம்வேர் போட்டு, வெளியே திறந்திருந்த போர்ட்டை மூடி, வயர்கார்ட் போட்டுக் கொடுத்தான். (அப்பத்தா அவனுக்கு அயிரை மீன் குழம்பு வெச்சாங்களாம். எனக்கு ஃபோட்டோ அனுப்பினான். துரோகி.) வயர்கார்ட்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாவி, அந்தச் சாவிதான் ஆள், முகவரி மாறினா கவலையில்லை. ஹெச்ஐபி கண்ட கனவுல பாதி இப்படி பின்வாசல் வழியா வீட்டுக்குள்ள வந்துடுச்சு. எனக்கு ஒரு சாவி, அப்பாவுக்கு ஒரு சாவி.

அவன் அங்க இருக்கறப்பவே அப்பத்தாகிட்ட பெரியப்பா விஷயத்தைச் சொன்னேன். தினமும் பார்த்துட்டிருந்திருக்கார்னு.

"மூத்தவனா?"

"ஆமா அப்பத்தா."

"எத்தன மணிக்குப் பாப்பான்?"

சொன்னேன். வேற எதுவும் கேக்கலை. அழலை, திட்டலை. "அந்தத் தம்பிய சாப்பிடச் சொல்லு, குழம்பு ஆறுது"ன்னு போனை அவன்கிட்ட கொடுத்துட்டாங்க.

பெரியப்பாவுக்கும் ஒரு சாவி செஞ்சு அனுப்பினேன். கூடத்து கேமரா மட்டும், நேரடிப் படம் மட்டும், ரெக்கார்டிங் கிடையாது. க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ண வெக்கறதுக்குள்ள எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. ரெக்கார்டர்ல அவருக்கு ஒரு கணக்கு வேணும், கணக்குக்கு ஒரு பேர் வேணும். லாக்ல அந்தப் பேர்தான் விழும், அந்த லாகை அப்பாவும் திறக்கலாம். ரொம்ப நேரம் கர்சரைப் பார்த்துட்டிருந்தேன். கடைசியா "சர்வீஸ்"னு போட்டேன். லாக்ல பொய்ப் பேர் விழக்கூடாதுங்கறதைப் பத்தி அறுபது பக்கம் எழுதிட்டிருக்கறவன் நான்.

துண்டு இப்பவும் கேமரா மேலதான் கிடக்கு. காலைல அஞ்சு நாப்பதுக்கு எடுப்பாங்க. ஆறு மணிக்குப் போட்டுடுவாங்க. பதினொண்ணரைக்கு எனக்காக ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை. எட்டு மணிக்கு முன்னெல்லாம் கேமராவுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்து சாப்பிடுவாங்க. இப்ப தட்டை இந்தப் பக்கமா நகர்த்தி வெச்சுக்கறாங்க.

போன வாரம் அப்பா கூப்பிட்டார். தீசிஸ் எப்ப முடியும், வேலை பார்த்துட்டியா, வழக்கமான கேள்விகள். வைக்கறதுக்கு முன்னாடி, "டேய், அந்த கேமரா லாகைத் திறந்து பார்த்தேன்டா. சர்வீஸ்னு ஒருத்தன் தினம் காலைல அஞ்சு நாப்பதுக்கு வர்றான் போல."

"ஆமாப்பா. ரொட்டீன் செக்கிங்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "ஒரு நாள் கூட விடாம வர்றானே"ன்னார். அப்புறம் தாம்பரத்துல தண்ணி லாரி ரெண்டு நாளா வரலைன்னு ஆரம்பிச்சுட்டார்.